அக்காவுக்குப் படித்துக் காட்டாதது

எழுத்தாளர் எதை எழுதினாலும் முதலில் அக்காவுக்குத்தான் படித்துக் காட்டுவார். வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையின் அடுத்த பகுதி தயாரானதும் காகிதங்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். இவர் படிக்கப் படிக்க, அவள் கையில் அகப்பட்டதையெல்லாம் மடித்துக்கொண்டே கேட்பாள். துண்டோ, பழைய பேப்பரோ, பஸ் டிக்கெட்டோ, எதுவானாலும் ஓரத்துக்கு ஓரம் சேர்த்து, கட்டைவிரலால் நீவி, மடித்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்த கை அல்லவா, சும்மா இருக்காது.

அவளை இலக்கியம் தெரிந்தவள் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். கதையில் வருகிறவர்கள் எல்லாரும் எங்கேயோ வாடகைக்குக் குடியிருக்கிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு. கதை முடிந்து இரண்டு வருஷம் ஆன பிறகு, "அந்தப் பொண்ணுக்கு அப்புறம் வேலை கிடைச்சுதாடா?" என்று கேட்பாள். கிடைத்துவிட்டது என்று இவர் சொல்லியாக வேண்டும். யாரையோ சாகடிக்கப் போகிறார் என்று மோப்பம் பிடித்துவிட்டால் தீர்ந்தது. "வேண்டாம்டா தம்பி, பாவம், விட்டுடு" என்று பிடித்துக்கொள்வாள். கதைக்கு அதுதான் பொருத்தம் என்று இவர் முறுக்கிக்கொண்டு போவார். வீட்டுக்குப் போய்ச் சத்தம் காட்டாமல் மாற்றி எழுதிவிடுவார். அப்படி உயிர் தப்பியவர்களில் ஒரு போஸ்ட்மாஸ்டர் உண்டு, ஒரு நோயாளி மருமகள் உண்டு, ஒரு கிழட்டுக் குதிரைகூட உண்டு. குதிரைக்காக அக்கா அழுதேவிட்டாள்.

"உங்க கதையில ஒருத்தர்கூடச் சாக மாட்டேங்கிறாங்களே சார், எமனோட ஏதாவது ஒப்பந்தமா?" என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டதற்கு, "எமன் நான் சொன்னாக் கேட்பான், எங்க அக்காதான் கேட்க மாட்டா" என்றார் எழுத்தாளர். அது நல்ல காலம். அப்படியெல்லாம் பேச வாய் வந்தது.

அக்காவுக்கு ஒரே மகன். அவனுக்கு நத்தை என்று பட்டப்பெயர் வைத்தவர் மாமாவான இந்த எழுத்தாளர்தான். பையன் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. இவன் ஒரு லிஃப்டைச் சரிசெய்து முடிப்பதற்குள் அந்தக் கட்டடத்தில் இருக்கிறவர்களுக்குப் படியேறிப் பழகிவிடும் என்று மாமா கிண்டல் செய்வார். அவன் கோபப்படவும் மாட்டான். கோபம் வருவதற்கே அவனுக்கு நேரம் ஆகும். ஆனால் அவன் தொட்ட லிஃப்ட் மறுபடி நின்றதில்லை. வீட்டுச் சாவியை மட்டும் மாதம் ஒன்று தொலைப்பான். வெளியே நின்று கதவை மெதுவாகத் தட்டுவான். விரல் முட்டியால் ஒரு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அம்மா எந்தத் தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து ஓடுவாள்.

சண்டை வந்தது. வயது வந்த பையன்களையெல்லாம் கட்டாயமாகப் படைக்கு எடுத்தார்கள். இவனையும் எடுத்தார்கள். "ஓடச் சொன்னா நடக்கிறவனை வச்சுக்கிட்டு என்னடா சண்டை போடப்போறாங்க?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அழுதாள்.

சில மாதம் கழித்து ராணுவ அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. அதில் அவன் பெயருக்கு எதிரே காணவில்லை என்று போட்டிருந்தது. அக்கா அந்த ஒரு சொல்லை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "செத்திருந்தா செத்துட்டான்னு போட மாட்டாங்களா? காணலைன்னுதானே போட்டிருக்கு. மத்தவன் எல்லாம் ஓடி வந்திருப்பான். நம்ம நத்தை மெதுவாத்தான் வருவான்." எழுத்தாளர் தலையை ஆட்டினார். அவருக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கே இல்லை. அதை வெளியே சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டு தினமும் அக்கா வீட்டுக்குப் போய் வந்தார்.

அக்கா வேலையை விட்டுவிட்டாள். பையன் வரும்போது வீடு பூட்டியிருந்தால் என்ன ஆகும்? சாவிதான் அவனிடம் இருக்காதே. கதவை ஒருக்களித்துச் சாத்துவதோடு சரி, ராத்திரியிலும் தாழ்ப்பாள் போடுவதில்லை. கடைக்குப் போகவேண்டி வந்தால் பக்கத்து வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டு வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே, "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்பாள். தையல்காரி நல்லவள். ஒவ்வொரு முறையும் அதைப் புதுக் கேள்விபோலவே கேட்டு, யோசித்து, இல்லை என்பாள்.

இந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வந்தார். ஓய்வு பெற்றவர், போர் எதிர்ப்புக் குழுவின் தலைவர், ஊரில் பாதிப்பேர் வாயைத் திறக்கவைத்தவர். "ஞாயித்துக்கிழமை ஊர்வலம். ஸ்டேஷன் முன்னாடி சேர்ந்து, ராணுவ அலுவலகம் வரைக்கும் நடக்கிறோம். கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க அஞ்சு நிமிஷம் பேசணும். அரசியல் பேச எங்களுக்கு ஆள் இருக்கு. நீங்க உங்க வீட்டைப் பத்திப் பேசுங்க" என்றார்.

எழுத்தாளர் அதுவரைக்கும் எந்த ஊர்வலத்திலும் நடந்ததில்லை. கதையில் எத்தனையோ பேரைத் தெருவில் இறக்கிவிட்டவர், தான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவர். போலீஸ் பயம் இருந்தது, ஆசிரியர் என்ன சொல்வாரோ என்ற பயம் அதைவிட அதிகம் இருந்தது. ஆனாலும் பையன் முகம் கண்முன் வந்தது. சரி என்று சொல்லிவிட்டார்.

சொன்னாரே தவிர, எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. நத்தை என்ற பட்டப்பெயரோடு பையனைப் பற்றி எழுதினார். பொத்தானைப் பற்றி, லிஃப்டைப் பற்றி, தொலைந்த சாவிகளைப் பற்றி எழுதினார். தாழ் போடாத கதவைப் பற்றி எழுதினார். அதோடு நின்றுவிட்டது. காத்திருக்கிறாள் என்பதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. காத்திருப்பதில் எங்கே முற்றுப்புள்ளி வைப்பது? கால் தரையில் படாமல் தொங்குகிற மாதிரி இருந்தது அவருக்கு. முப்பது வருஷமாகக் கதையை முடித்துப் பழகிய கை அது. அக்கா விரிப்பை மடிப்பதைப் போல, கண்டதையெல்லாம் முடித்துவிடும். அந்தக் கை நடக்காததைத் தானாகவே எழுதியது. போன வாரம் சீருடை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு அந்தத் தாய் எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

எழுதிவிட்டு அவரே அழுதார். அழுதுகொண்டே இன்னொரு தடவை படித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றும் நினைத்தார். எழுதுகிற ஜாதியே அப்படித்தான், நெஞ்சு வெடித்துக்கொண்டிருக்கும்போதும் ஒரு கண் வரியைத் திருத்திக்கொண்டிருக்கும்.

மறுநாள் அக்கா கேட்டாள். "ஏதோ பேசப்போறியாமே, தையக்காரம்மா சொன்னாங்க. எழுதிட்டியா? படி கேட்போம்."

"எழுதலைக்கா. அங்க போய் வாய்க்கு வந்ததைப் பேசிட வேண்டியதுதான்" என்றார்.

அக்காவிடம் அவர் சொன்ன பொய்களிலேயே இதுதான் பெரியது. காகிதம் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. அக்கா எங்கே வரப்போகிறாள், வீட்டைவிட்டு அசைய மாட்டாளே என்ற தைரியம். அவள் காதுக்கு எட்டாத இடத்தில் ஒரு நாள் சொல்லிவிட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் முன்னால் எள் போட்டால் எள் விழாது. கைக்குழந்தையோடு வந்தவர்கள், ஊன்றுகோலோடு வந்தவர்கள், மகன் போட்டோவை அட்டையில் ஒட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்ட அப்பா அம்மாக்கள். ஓரமாகப் போலீஸ்காரர்கள் வெயிலைத் திட்டிக்கொண்டு நின்றார்கள். எழுத்தாளரைக் கையைப் பிடித்துத் தூக்கி லாரிமேல் ஏற்றினார்கள். புது ஷூ வேறு காலைக் கடித்தது. மைக்கைப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். சட்டைப் பொத்தானுக்குக் கூட்டம் சிரித்தது. சாவிக்கு இன்னும் சிரித்தது. கதவுக்கு அமைதியானது. சீருடைக்காரர்கள் தொப்பியைக் கழற்றியபோது மூச்சுச் சத்தம்கூட இல்லை. தாழ் போட்டாள் என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்தபோது, கீழே முன்வரிசையில் ஒரு கிழவர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

யாரோ ஒரு பெண் உரக்கக் கத்தினாள். "நத்தையைக் கொன்றது யார்?"

"போர்! போர்!" என்றது கூட்டம்.

பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் எழுத்தாளருக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. முப்பது வருஷம் எழுதியும் கிடைக்காதது கிடைத்துவிட்டது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தார். லாரி கிளம்பத் தயாரானது, பின்னால் கூட்டமும் திரண்டது. இறங்கி எல்லாரோடும் நடக்கலாம் என்று இவர் காலைக் கீழே வைத்தபோது யாரோ கையைப் பிடித்தார்கள்.

அக்கா.

நல்ல புடவை கட்டியிருந்தாள். தம்பி பேசுவதைக் கேட்க வந்தவள். தையல்காரியை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஸ்டேஷன் வாசலில் கொடுத்த துண்டுப் பிரசுரம் அவள் கையில் தபால் தலை அளவுக்கு மடிந்துபோயிருந்தது.

"எப்போடா வந்தாங்க?" என்று கேட்டாள். "அந்த ரெண்டு பேர். உன் வீட்டுக்கா வந்தாங்க? என்கிட்ட ஏன்டா மறைச்ச?"

அவருக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. தன் வீட்டுக்கு அப்படி யாரும் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் தம்பி வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். தம்பி சொன்னதே பொய்யாக இருக்கும் என்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

"யாரும் வரலைக்கா."

"மறைக்காதடா. நான் தாங்கிக்குவேன். என்ன சொன்னாங்க? எங்க வச்சு..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அக்கா, சத்தியமா யாரும் வரலை. நானா எழுதினேன். கதை மாதிரி... முடிக்கத் தெரியாம முடிச்சுட்டேன்."

முதலில் அவள் முகத்தில் உயிர் வந்தது. "அப்போ அவன் இருக்கான்" என்றாள். "இருக்கான்ல?" இவர் ஆமாம் என்று தலையாட்டினார். அடுத்தது கோபம் வரும், அடிப்பாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தார். அதையெல்லாம் செய்ய அவளுக்கு நேரம் இல்லை. காதில் அந்தக் கோஷம் விழுந்துகொண்டிருந்தது. நத்தையைக் கொன்றது யார், போர், போர் என்று தெரு முழுக்க அவள் பிள்ளையைச் சாகடித்துக்கொண்டு நடந்தார்கள்.

அவள் கூட்டத்துக்குள் புகுந்தாள். எல்லாரும் ஒரு பக்கம் போக, அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். எதிரே வருகிறவர் கையைப் பிடித்து நிறுத்தி, "அவன் சாகலைங்க. காணலைன்னுதான் போட்டிருக்கு. அப்படிக் கத்தாதீங்க" என்றாள். அவர் விலகிப் போனதும் அடுத்தவர் சட்டையைப் பிடித்தாள். சிலர் நின்று கேட்டார்கள், சிலர் பைத்தியம் என்று ஒதுங்கினார்கள். ஒரு பெண் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அதே கோஷத்தைப் போட்டுக்கொண்டே நடந்துபோனாள்.

எழுத்தாளர் லாரிக்கு ஓடினார். மைக்கைக் கேட்டார். பல் டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ பொய்னு சொன்னா நாளைக்குப் பேப்பர்ல என்ன வரும் தெரியுமா? இங்க வந்திருக்கிற அத்தனை போட்டோவும் பொய்னு வரும். நிஜமாவே பறிகொடுத்தவங்க நடந்துக்கிட்டிருக்காங்க சார். அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுத்தாளர் இறங்கி வந்து அக்கா பின்னாலேயே நடந்தார். அவள் விட்ட ஆட்களை இவர் பிடித்தார். "நான்தான் பேசினவன். நான் சொன்னது கட்டுக்கதை. பையனைக் காணலை, அவ்வளவுதான். தயவுசெய்து கத்தாதீங்க." இப்போது அவருடைய குரல் யார் காதிலும் ஏறவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் இதே ஆட்களைத்தான் தாழ் போட்ட கதவு அழவைத்தது.

கூட்டத்தின் வால் பகுதியில், கழுத்தில் போட்டோ அட்டை மாட்டிய ஓர் அம்மாள் தனியாக வந்துகொண்டிருந்தாள். அக்கா அவள் கையையும் பிடித்தாள். "அவன் சாகலைங்க. காணலைன்னுதான் போட்டிருக்கு. என் பையன் இருக்கான்."

அந்த அம்மாள் நின்றாள். கோஷம் எதுவும் போடவில்லை.

"எனக்கும் முதல்ல காணலைன்னுதாம்மா வந்துச்சு" என்றாள். "நானும் இப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அக்காவை ஒரு தடவை அணைத்துக்கொண்டாள், இரண்டு பேருக்கும் நடுவில் அந்த அட்டை மடங்கியது. அதைச் சரிசெய்துகொண்டு அவள் கூட்டத்தைப் பிடிக்க வேகமாகப் போனாள். அக்கா அதற்குப் பிறகு யார் கையையும் பிடிக்கவில்லை. தெரு காலியாகும் வரை அப்படியே நின்றாள். "வா, போகலாம்" என்று எழுத்தாளர் சொன்னதும் சின்னக் குழந்தைபோலக் கூடவே வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கதவு எப்போதும்போல ஒருக்களித்தே இருந்தது. தையல்காரி உள்ளே உட்கார்ந்து ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா செருப்பைக் கழற்றினாள், சுவரோரமாகச் சேர்த்து வைத்தாள், முகம் கழுவினாள். தையல்காரி கேள்விக்காகக் காத்திருந்தாள். கேள்வி வரவில்லை. கடைசியில் அவளாகவே, "கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் வந்தாருக்கா. வேற யாரும் வரலை" என்றாள். அக்கா சரி என்றாள். தையல்காரி இவர் முகத்தைப் பார்த்தாள், துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எழுத்தாளர் வழக்கமாகக் கதை படிக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் கூசியது. "அக்கா, என்னை ரெண்டு அடி அடிச்சுடு" என்றார்.

அவள் அடிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, மடித்து மடித்துத் தபால் தலையாகிப்போன அந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பிரித்தாள். மடிப்புகளை விரலால் நீவினாள்.

"எதை எழுதினாலும் எனக்குத்தான் முதல்ல படிப்ப. இதை மட்டும் ஏன்டா படிக்கலை?"

அவர் சட்டைப் பைக்குள் இருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"படிச்சிருந்தா, இவனை விட்டுடுடா தம்பின்னு கேட்டிருப்பேன்ல?" என்றாள் அக்கா. "நான் கேட்டேன்னு குதிரையைக்கூட விட்டியே."

எழுத்தாளர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் மடிப்புகளை நீவிக்கொண்டே இருந்தாள். அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "நேரமாச்சு. நீ கிளம்பு" என்றாள்.

அவர் வெளியே வந்தார். அவர் ஷூவை மாட்டக் குனிந்தபோது பின்னால் கதவு முழுதாகச் சாத்திக்கொண்டது. அப்புறம் தாழ்ப்பாள் சத்தம். மாதக்கணக்கில் தொடாத தாழ்ப்பாள், இறுகிப்போயிருந்தது. உள்ளே அவள் அதை ஆட்டி ஆட்டி இழுப்பது கேட்டது. போடாதே அக்கா, அது நான் எழுதினது, வெறும் கதை என்று கத்த நினைத்தார். கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு தாழ் விழுந்தது.

அவர் திரும்பிக் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். விரல் முட்டி மரத்தில் படும் முன்பே அவருக்கு உறைத்தது. தட்டினால் அவள் எழுந்து ஓடி வருவாள். யார் வந்துவிட்டதாக நினைத்து ஓடி வருவாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

கையை இறக்கிக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்காமல் படியிறங்கினார்.